துரத்த வேண்டாம், வழியில் நில்லுங்கள்: ரோபோ தொலைநோக்கியில் செயற்கைக்கோள் பிடிக்கும் விதம்

முதலில் ஐ.எஸ்.எஸ்.ஸை, அதாவது பன்னாட்டு விண்வெளி நிலையத்தை, மறந்துவிடுங்கள். தொலைநோக்கி கையில் கிடைத்த எல்லாருமே அதில்தான் ஆரம்பிக்கப் பார்ப்பார்கள். தலைக்கு மேலே வரும்போது அது நொடிக்கு ஒரு டிகிரிக்கு மேல் ஓடும். முழுநிலாவின் அகலமே அரை டிகிரிதான். வாடகைக்குக் கிடைக்கும் ரோபோ தொலைநோக்கிகளில் பெரும்பாலானவை அந்த வேகத்தில் திரும்பாது. திரும்பினாலும், நாம் கொடுக்கும் நேரத்தில் ஒரு நொடி பிசகினால் படத்தில் வெறும் வானம்தான் விழும். பணம் போகும், ஆசையும் விட்டுப்போகும்.

ஆரம்பிக்க வேண்டிய இடம் புவிநிலைச் சுற்றுப்பாதை. சுருக்கமாக ஜியோ என்போம். பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரம். அங்கிருக்கும் செயற்கைக்கோள் (இனிமேல் சுருக்கமாகக் கோள்) நம் தலைக்கு மேல் ஒரே இடத்தில் நிற்கும். நட்சத்திரங்கள்தான் அதன் பின்னால் நகரும். நட்சத்திரத்தைப் பின்தொடரும் தொலைநோக்கியில் அந்தக் கோள் நொடிக்கு 15 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியில் 3,600 ஆர்க்செகண்ட்) வேகத்தில் கிழக்கு நோக்கி ஊர்வதாகத் தெரியும். இந்த வேகம் நம் கைக்கு அடங்கும். அதோடு, மலேசியாவில் இருப்பவருக்கு ஜியோ வளையம் கிட்டத்தட்ட உச்சியிலேயே இருக்கிறது. ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு அது தெற்கே தாழ்வாகத்தான் தெரியும். நமக்குச் சும்மா கிடைத்த வசதி இது.

என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் கீழே சொல்வது புரியும். பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. வீடு சுங்கை நிபோங் பக்கம் ஒரு ஃப்ளாட். ஒரு பக்கம் பாலத்து விளக்கு, இன்னொரு பக்கம் விமான நிலையம், இவற்றுக்கு மேல் மேகம். அதனால் பாதி வேலையை ஆஸ்திரேலியாவில் இருக்கும் வாடகைத் தொலைநோக்கியில் செய்கிறேன். மீதியை ஃப்ளாட்டின் கார் நிறுத்துமிட மேல்தளத்தில், சீஸ்டார் எஸ்50 என்ற சின்ன ரோபோ தொலைநோக்கியில் செய்கிறேன். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள லென்ஸ், எடை இரண்டரை கிலோதான். சந்தைக்குக் கொண்டுபோகும் பையிலேயே வைத்துத் தூக்கிப் போய்விடலாம்.

வாடகைத் தொலைநோக்கி என்றால் என்ன என்று அதிகம் விளக்கப்போவதில்லை. ஐடெலஸ்கோப் மாதிரி சேவைகளில் கணக்குத் திறந்து, ஆர்.ஏ. (கிழக்கு-மேற்கு), டெக் (வடக்கு-தெற்கு) என்ற வான ஆயங்களையும் எக்ஸ்போஷர் நேரத்தையும் கொடுக்கிறோம். கூரை திறந்து, தானே திரும்பி, தானே ஃபோகஸ் பார்த்துப் படம் எடுத்து ஃபிட்ஸ் என்ற வானியல் படக் கோப்பாக அனுப்பிவிடும். நிமிடக் கணக்கில் காசு. நிலா வெளிச்சம் இருக்கும் இரவுகளில் தள்ளுபடி கிடைத்தால் தயங்காமல் எடுங்கள். நெபுலா படம் எடுப்பவர்களுக்குத்தான் நிலா எதிரி. நகரும் ஜியோ கோள் படத்தில் போடும் கோடு நிலா வெளிச்சத்திலும் பிழைத்துக்கொள்ளும்.

முதலில் டி.எல்.இ.

ஒரு கோள் எங்கே இருக்கும் என்று சொல்லும் தரவுக்கு டி.எல்.இ. என்று பெயர். தலா 69 எழுத்துகள் கொண்ட இரண்டு வரிகள். செலஸ்டிராக் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். அமெரிக்க விண்வெளிப் படை நடத்தும் ஸ்பேஸ்-டிராக் தளத்தில் பதிவு செய்தும் எடுக்கலாம். ஸ்டெல்லேரியம் மென்பொருளில் செயற்கைக்கோள் பிளகின் இருக்கிறது. அது தானாகவே இறக்கிக்கொள்ளும். ஆனாலும் அந்த வரிகளை ஒருமுறையாவது கண்ணால் படித்துப் பாருங்கள்.

முதல் வரியில் 19ஆம் எழுத்திலிருந்து 32 வரை தேதி. 25032.5 என்று தொடங்கினால் 2025ஆம் ஆண்டின் 32ஆம் நாள் நண்பகல், அதாவது பிப்ரவரி 1, யூ.டி.சி. என்ற உலகப் பொது நேரப்படி 12 மணி. நமக்கு அது இரவு 8 மணி. இரண்டாவது வரியின் கடைசிப் பக்கம் ஒரு நாளைக்கு எத்தனை சுற்று என்று இருக்கும். ஜியோ கோளுக்கு 1.0027 பக்கம் வரும், ஐ.எஸ்.எஸ்.ஸுக்கு 15.5 பக்கம். இந்த ஒரு எண்ணைப் பார்த்தாலே ஆள் மேலேயா கீழேயா என்று தெரிந்துவிடும்.

தேதியை ஏன் பார்க்கச் சொல்கிறேன் என்றால், டி.எல்.இ. பால் மாதிரி, வைத்திருந்தால் கெட்டுவிடும். எடுத்த அன்றே கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் பிழை இருக்கும். தாழ்வான சுற்றுப்பாதையில் அது நாளுக்கு நாள் இன்னும் கிலோமீட்டர் கணக்கில் ஏறும். ஜியோவுக்கு இரண்டு மூன்று நாள் பழசு பரவாயில்லை, ஆனால் நடுவில் கோளின் உந்துபொறியை இயக்கி இடத்தைச் சரிசெய்திருந்தால் பழைய வரி உதவாது. செத்துப்போன கோளுக்கு இந்தத் தொல்லை இல்லை. குப்பை குப்பையாகவே இருக்கும், யாரும் அதை ஓட்டுவதில்லை.

அடுத்தது கவனமாகச் செய்ய வேண்டிய வேலை. மென்பொருளில் இடம் என்று கேட்கும்போது உங்கள் ஊரைக் கொடுக்காதீர்கள், தொலைநோக்கி இருக்கும் ஊரைக் கொடுங்கள். நட்சத்திரம் எங்கிருந்து பார்த்தாலும் ஒரே ஆயத்தில்தான் இருக்கும். செயற்கைக்கோள் அப்படியில்லை, அது பக்கத்து வீட்டுக்காரர். பினாங்கிலிருந்து ஜியோ வளையம் டெக் மைனஸ் 1 டிகிரியில் தெரியும், கோலாலம்பூரிலிருந்து மைனஸ் அரையில். அதே வளையம், வாடகைத் தொலைநோக்கி இருக்கும் ஆஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங்கிலிருந்து பிளஸ் 5 டிகிரியில் தெரியும். இடத்தை மாற்றிக் கொடுத்தால் ஆறு டிகிரி தள்ளி வெறும் வானத்தைப் படம் எடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

வழியில் நிற்பது

முதல் இலக்காக ஹிமாவாரி-9ஐச் சொல்வேன். ஜப்பானின் வானிலைக் கோள், 140.7 டிகிரி கிழக்கில் இருக்கிறது, 2022 டிசம்பரிலிருந்து வேலையில் இருக்கிறது. நம் பக்கத்து மேகப் படங்கள் பலவும் அதிலிருந்துதான் வருகின்றன. பட்டர்வொர்த்தில் படிவம் நான்கு படிக்கும் என் அக்கா மகன், “சின்னம்மா, இன்னிக்கு மேகம் இருக்கான்னு சொல்ற சேட்டிலைட்டையே மேகம் இல்லாத ஊர்ல இருந்து படம் புடிக்கிறீங்களா?” என்று கேட்டான். ஆமாம், அதேதான். சைடிங் ஸ்பிரிங்கிலிருந்து அது 50 டிகிரிக்கு மேல் உயரத்தில் நிற்கும். நமக்கு இரவு 7 மணி என்றால், அவர்களுடைய கோடைக் காலத்தில் அங்கே 10 மணி. வேலை முடிந்து வந்து, ஒரு தே தாரே குடித்துக்கொண்டே செய்யலாம்.

எடுக்கும் முறை இது. ஜியோ கோளின் ஆர்.ஏ. நிலையாக இருக்காது, மணிக்கு 15 டிகிரி கூடிக்கொண்டே போகும். நீங்கள் குறித்த நேரத்துக்குத் தொலைநோக்கி சரியாகத் தொடங்கும் என்று நம்பவும் முடியாது. ஃபோகஸ் பார்க்கும், முந்தைய ஆள் தாமதமாக முடிப்பார். இரண்டு நிமிடம் தள்ளிப்போனால் கோள் அரை டிகிரி நகர்ந்துவிடும். அதனால் 9:00 மணிக்குப் படம் வேண்டுமென்றால் கோள் 9:03க்கு எங்கே இருக்குமோ அந்த ஆயத்தைக் கொடுங்கள். 9:00லிருந்து 9:06 வரை வரிசையாகப் பத்துப் பத்து நொடிப் படங்கள் எடுக்கச் சொல்லுங்கள். தொலைநோக்கி நட்சத்திரத்தோடு போய்க்கொண்டிருக்கும். கோள் மேற்கு விளிம்பில் நுழைந்து கிழக்கே வெளியேறும். அரை டிகிரி அகலமுள்ள படப்பரப்பைக் கடக்க அதற்கு இரண்டு நிமிடம் ஆகும். ஆக, சில ஃபிரேம்களிலாவது முழுக் கோடாக மாட்டும். இதற்காகவே குவியத்தூரம் குறைந்த, பரப்பு அகலமான தொலைநோக்கியைத் தேர்ந்தெடுங்கள். பெரிய கண்ணாடி இருந்தால் நல்லது என்ற நினைப்பு இங்கே எடுபடாது.

எக்ஸ்போஷரை நீட்டினால் மங்கலான கோள் தெரியும் என்று நினைக்கத் தோன்றும். தெரியாது. கோள் நகர்ந்துகொண்டே இருப்பதால் ஒரு பிக்சலின் மேல் அது தங்கும் நேரம் மாறுவதில்லை. நீட்டினால் கோடுதான் நீளும், வானத்தின் வெளிச்சம்தான் ஏறும். 10 நொடிக்குக் கோடு 150 ஆர்க்செகண்ட், அதாவது இரண்டரை ஆர்க்நிமிடம். அளக்க அது போதும். வடிகட்டி வேண்டாம், லூமினன்ஸ் அல்லது கிளியர் என்றே போடுங்கள். பின்னிங் 2x2 (நான்கு பிக்சலை ஒன்றாகச் சேர்ப்பது) வைத்தால் கோப்பும் சிறிதாகும், கோடும் எடுப்பாகத் தெரியும்.

சில சேவைகளில் நட்சத்திரப் பின்தொடர்தலை நிறுத்தும் வசதி உண்டு. நிறுத்தினால் படம் தலைகீழாகிவிடும்: நட்சத்திரமெல்லாம் கோடு, ஜியோ கோள் மட்டும் புள்ளி. ஒளி ஒரே பிக்சலில் சேருவதால் மிக மங்கலான குப்பைகூடத் தெரியும். 2024 அக்டோபர் 19ஆம் தேதி 60 டிகிரி கிழக்கில் இன்டெல்சாட் 33ஈ என்ற தொலைத்தொடர்புக் கோள் உடைந்து சிதறியதே, அந்த மாதிரித் துண்டுகளைத் தேட இந்த முறைதான் சரி. ஆனால் கோடாகிப்போன நட்சத்திரங்களை வைத்து ஆயம் கண்டுபிடிப்பது புதியவர்களுக்குத் தலைவலி. பழகிய பிறகு வாருங்கள்.

கார் நிறுத்துமிடத்து மேல்தளம்

ஜனவரி, பிப்ரவரியில் பினாங்கு வானம் ஓரளவு நல்லபிள்ளையாக இருக்கும். தைப்பூசத்தையொட்டிய நாட்களில் இரவு 10 மணிக்கு மேல் ஓரையன் விண்மீன் கூட்டம் உச்சிக்கு அருகே வந்துவிடும். அதன் இடுப்புப் பட்டையில் மூன்று நட்சத்திரங்கள். மேற்கே இருப்பது மின்டாகா, டெக் மைனஸ் 0.3. நடுவில் இருப்பது அல்நிலாம், மைனஸ் 1.2. பினாங்கின் ஜியோ வளையம் மைனஸ் 1. ஆக, அந்த இரண்டு நட்சத்திரத்துக்கும் நடுவிலேயே, அல்நிலாமை ஒட்டி நம் பாதை ஓடுகிறது. எந்தக் கணக்கும் போடாமல் சீஸ்டாரை அந்த இடைவெளிக்குத் திருப்பி, 10 நொடி எக்ஸ்போஷரில் விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கலாம். அதன் பரப்பு சுமார் 1.3க்கு 0.7 டிகிரி. கோள்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோடு போட்டுக்கொண்டு கடக்கும்.

ஒரு விஷயம் மட்டும் செய்துவிடுங்கள். ஒவ்வொரு ஃபிரேமையும் தனியாகச் சேமிக்கும் அமைப்பை முதலிலேயே இயக்குங்கள். ரோபோ தொலைநோக்கிகள் படங்களை அடுக்கி ஒன்றாக்கும்போது செயற்கைக்கோள் கோட்டைக் குறை என்று நினைத்துத் துடைத்துவிடும். அடுக்கிய அழகான படம் நமக்கு உதவாது, அழுக்கான தனிப்படம்தான் வேண்டும். அதில் ஒரு பிக்சல் சுமார் 2.4 ஆர்க்செகண்ட். பத்து நொடிக் கோடு 60 பிக்சலுக்குச் சற்று மேல் இருக்கும். ஏறத்தாழ அந்த நீளமும் கிழக்கு-மேற்குத் திசையும் இருந்தால் ஜியோ. நீளம் அதிகமாகி, சாய்ந்திருந்தால் வேறு ஏதோ. படம் முழுக்க ஒரே கோடு என்றால் தாழ்வான கோள், அல்லது விமானம். பாயான் லெப்பாஸில் இறங்கும் விமானம் இரட்டைக் கோடும் புள்ளி புள்ளியாகச் சிமிட்டலும் விடும், ஏமாற மாட்டீர்கள்.

வீட்டு ஆஸ்ட்ரோ டிவி டிஷ் எங்கே பார்த்துக்கொண்டிருக்கிறது என்று தெரிய வேண்டுமா? அதற்கு ஒளிபரப்பு அனுப்பும் மீசாட் கோள்கள் 91.5 டிகிரி கிழக்கில் இருக்கின்றன. பினாங்கு 100.3இல் இருப்பதால் உச்சிக்கோட்டிலிருந்து (தலைக்கு மேல் வடக்கு-தெற்காகப் போகும் கோடு) சுமார் 10 டிகிரி மேற்கே தள்ளிப் பார்க்க வேண்டும். மீசாட்-3பி, 2022 ஜூனில் ஏவிய மீசாட்-3டி எல்லாம் ஒரே வீட்டில் குடியிருப்பதால் ஒரே ஃபிரேமில் இணைகோடுகளாக வரும். எனக்குப் பிடித்த படம் அதுதான். 2021 ஜூனில் மீசாட்-3 கோளாறாகி இந்த இடத்தைவிட்டு நகரத் தொடங்கியது. உயிருள்ள கோளுக்கும் கட்டுப்பாடு போன கோளுக்கும் வித்தியாசம் இப்படித்தான் தெரியும். ஒன்று நாளை இரவும் அதே இடத்தில் நிற்கும், இன்னொன்று கொஞ்சம் கொஞ்சமாக விலகிப்போகும்.

அளப்பது

படம் கிடைத்ததும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். உண்மையான வேலை இனிமேல்தான். கோளைக் கண்காணிப்பது என்றால் “இந்த நேரத்தில் இந்த ஆயத்தில் இருந்தது” என்று சொல்வது. ஆயம் சுலபம், நேரம்தான் கஷ்டம்.

ஆயத்துக்கு ஃபிட்ஸ் கோப்பை ஆஸ்ட்ரோமெட்ரி.நெட் தளத்திலோ ஆஸ்டேப் மென்பொருளிலோ கொடுங்கள். நட்சத்திர அமைப்பைப் பார்த்து ஒவ்வொரு பிக்சலுக்கும் ஆர்.ஏ., டெக் சொல்லிவிடும். பிறகு கோட்டின் இரண்டு முனைகளையும் அளந்துகொள்ளுங்கள். ஜியோ கோளுக்கு மேற்கு முனை எக்ஸ்போஷர் தொடங்கிய கணம், கிழக்கு முனை முடிந்த கணம். தொடக்க நேரம் கோப்பின் தலைப்பிலேயே யூ.டி.சி.யில் இருக்கும்.

அந்த நேரத்தை நம்பலாமா? சோதிக்காமல் நம்பாதீர்கள். தாழ்வான கோள் நொடிக்கு ஏழரை கிலோமீட்டர் போகிறது. கடிகாரம் பத்தில் ஒரு நொடி தப்பினால் 750 மீட்டர் தப்பு. ஜியோவில்கூட 300 மீட்டர். மென்பொருள் பொத்தானை அழுத்திய நேரத்தைப் பதிந்திருக்கலாம், கேமரா சற்றுத் தாமதமாகத் திறந்திருக்கலாம். சீமாஸ் வகைக் கேமரா சென்சார்களில் மேல் வரிசையும் கீழ் வரிசையும் ஒரே கணத்தில் பதிவாகாது, அதுவும் ஒரு பிழை.

இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது: ஜி.பி.எஸ். கோளையே படம் எடுப்பது. 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் அவற்றின் துல்லியமான பாதையைப் பன்னாட்டு ஜி.என்.எஸ்.எஸ். சேவை என்ற அமைப்பு சென்டிமீட்டர் கணக்கில் வெளியிடுகிறது. அவை நொடிக்கு 30, 40 ஆர்க்செகண்ட் ஓடும். உங்கள் அளவும் அந்தப் பாதையும் ஓடும் திசையிலேயே 15 ஆர்க்செகண்ட் முன்பின் இருந்தால், உங்கள் கடிகாரம் அரை நொடி அளவுக்குத் தப்பாக இருக்கிறது என்று அர்த்தம். வேலையில் நாங்கள் ஒரு டெஸ்டரை நம்புவதற்கு முன் தெரிந்த அளவுள்ள மாதிரியை வைத்துப் பார்ப்போம், அதே புத்திதான். பல கோப்புகளில் பிழை ஒரே அளவாக இருந்தால் அதைக் கழித்துவிட்டு வேலையைத் தொடரலாம். கோப்புக்குக் கோப்பு பிழை மாறினால் அந்தத் தொலைநோக்கியை இந்த வேலைக்குப் பயன்படுத்தாதீர்கள்.

கோட்டின் வெளிச்சத்தையும் பாருங்கள். சீராக இருந்தால் கோள் நிலையாக இருக்கிறது. விட்டு விட்டு மின்னி, கோடு துண்டு துண்டாக வந்தால் அது உருண்டுகொண்டிருக்கிறது. கைவிடப்பட்ட ராக்கெட் அடுக்குகள் பெரும்பாலும் இப்படித்தான். 30 நொடி எக்ஸ்போஷரில் எத்தனை துண்டு என்று எண்ணினாலே எத்தனை நொடிக்கு ஒருமுறை மின்னுகிறது என்று கிடைத்துவிடும். நான் மணிக்கணக்காக உட்கார்ந்து பார்ப்பது இதைத்தான்.

தாழ்வான பாதைக்குப் போகும்போது

இங்கே தொலைநோக்கியைவிட 50 மில்லிமீட்டர் குவியத்தூர லென்ஸ் போட்ட சாதாரண கேமராவே மேல். சீஸ்டார் பரப்பைத் தாழ்வான கோள் ஓரிரு நொடியில் கடந்துவிடும், முனை தெரியாத கோட்டில் நேரம் அளக்க முடியாது. கேமராவை முக்காலியில் பூட்டி, லேப்டாப்பின் நேரத்தை இணையக் கடிகாரத்தோடு ஒத்திசைத்து, பாதையின் நடுப்பகுதியைப் பார்த்து வைத்து வீடியோ எடுங்கள். ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி நமக்கு நல்ல இலக்கு. பூமத்திய ரேகைக்கு அதன் பாதைச் சாய்வு 28.5 டிகிரி என்பதால் பினாங்கு, கோலாலம்பூர் வானில் உயரமாக வரும். நேரம் சூரியன் மறைந்து ஒன்றரை மணிவரைக்கும்தான், அதாவது இங்கே 8 மணியிலிருந்து 9 மணிக்குள் முடித்துக்கொள்ளப் பாருங்கள். அதற்குப் பிறகு அவை பூமியின் நிழலில் போய்விடும். விடியலுக்கு முன்பும் இதே மாதிரி ஒரு வாய்ப்பு உண்டு. இரவு ஷிப்ட் முடிந்து வருபவர்களுக்கு வசதி.

ராக்கெட் விழப்போகிறது என்ற செய்தி வந்தால் அக்கம்பக்கத்தார் உங்களைத்தான் கேட்பார்கள். 2022 ஜூலை இறுதியில் சீனாவின் லாங் மார்ச் 5பி ராக்கெட்டின் பெரிய அடுக்கு விழுந்தபோது கூச்சிங்கிலிருந்து பார்த்தவர்கள் வீடியோ எடுத்தார்கள். அந்த மாதிரி நேரத்தில் “எங்கே விழும்” என்பதற்கு உறுதியாகப் பதில் சொல்லாதீர்கள். விழும் நேரத்தில் ஒரு மணி நேர நிச்சயமின்மை இருந்தால் இடத்தில் 28,000 கிலோமீட்டர் நிச்சயமின்மை. நீங்கள் செய்யக்கூடியது, உங்கள் வானில் அது கடக்க வேண்டிய நேரத்துக்கு வந்ததா, முன்னாடியே வந்ததா என்று குறிப்பது. முன்னாடி வந்தால் காற்றின் இழுவையில் நினைத்ததைவிடச் சீக்கிரம் இறங்குகிறது என்று பொருள்.

பழகிவிட்டால் ரசாக்சாட்டைத் தேடுங்கள். 2009 ஜூலை 14ஆம் தேதி ஃபால்கன் 1 ராக்கெட்டில் போன நம் நாட்டுக் கோள், 180 கிலோ. ஏவிக் கொஞ்ச காலத்திலேயே தொடர்பு விட்டுப்போனது. பாதைச் சாய்வு 9 டிகிரிதான் என்பதால் நம் வானத்தை ஒரு நாளில் பலமுறை கடக்கும். ஆனால் சிறியது, மங்கல், 685 கிலோமீட்டர் உயரத்தில் நொடிக்கு அரை டிகிரிக்கு மேல் ஓடும். லென்ஸ் கேமராவுக்குச் சிக்காது. அகலப் பரப்புள்ள, ஒளி அதிகம் வாங்கும் தொலைநோக்கி வேண்டும். பாதையின் ஒரு புள்ளியில் நிறுத்தி, அரை நொடி எக்ஸ்போஷரில் தொடர்ச்சியாக எடுக்க வேண்டும். நகரத்திலிருந்து முயற்சி செய்யாதீர்கள், பாலிக் புலாவ் பக்கம் போங்கள். டி.எல்.இ.யைக் கிளம்பும் முன் இறக்கிக்கொள்ளுங்கள், அங்கே லைன் கிடைப்பது சிரமம். அப்புறம், கோளைக் காட்டுகிறேன் என்று பச்சை லேசரை மட்டும் வானத்தில் அடிக்காதீர்கள், இந்தத் தீவில் விமானம் எந்தப் பக்கமிருந்தும் வரும்.